வாய் வரை வந்த பேச்சு

பூங்கொடிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் குறுக்கே கேள்வி கேட்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பதான்கோட்டில் ஜவ்வரிசி லோடு இறக்கியதும் நம் கனிஷ்காவைப் பார்க்க ராணுவ முகாமுக்குப் போனேன். கேட்டில் துப்பாக்கியோடு அவளே காவல் நின்றாள். "ஓரமா நில்லுங்கப்பா, டூட்டி முடிஞ்சதும் வாரேன்" என்றாள். ஓர் அதிகாரியின் காரையே நிறுத்தி அடையாள அட்டை கேட்டாள். பக்கத்தில் நின்ற சர்தார்ஜியிடம், "எம் பொண்ணுதானுங்க" என்று தமிழிலேயே சொன்னேன்.

பிறகு டீ குடிக்கும்போது அவள் கையில் கட்டு தெரிந்தது. வாலிபால் ஆடி விழுந்தாளாம், வெறும் சிராய்ப்புதான்.

"அம்மா ஏதாச்சும் சொல்லி உட்டாங்களாப்பா?" என்று கேட்டாள்.

வேலையை விட்டு வந்து சேந்தமங்கலத்து மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ளச் சொல் என்று நீ சொல்லி அனுப்பியிருந்தாய். வாய் வரை வந்தது. "நல்லாச் சாப்புடச் சொன்னா சாமி" என்றேன்.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லாரியையே சுற்றிச் சுற்றி வருகிறேன். உன்னை ஏமாற்றியது போல உறுத்துகிறது. ஆனால் திரும்பப் போனாலும் சொல்லமாட்டேன்.

எள்ளுருண்டை பிடித்து அவளுக்கு அனுப்பு. எனக்கும் ரெண்டு எடுத்து வை.

லோடு ஏற்றக் கூப்பிடுகிறார்கள். கோபத்தை எல்லாம் நான் வந்ததும் என்னிடம் காட்டு, அவளிடம் காட்டாதே.

தனபால்