கட்டில் கேட்ட கேள்விகள்

அன்பு மகளுக்கு,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாங்களும் அவ்வாறே என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன், மன்னித்துக்கொள். மாடிப்படி விளக்கை ஒருவழியாக மாற்றிவிட்டார்கள், என் பல்வலி தேவலை. நீ அனுப்பிய இன்டர்நெட் கட்டிலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் பொத்தானை அழுத்தியதும் தலைப்பக்கம் உயர்ந்தது, அம்மாவும் மூச்சுத் திணறாமல் தூங்கினாள். போன மாதம் இலவசக் காலம் முடிந்ததாக அறிவித்துவிட்டுத் தட்டையாகக் கிடந்தது. இனி உயர வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும், இல்லையென்றால் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு ஒவ்வொரு முறையும் விளம்பரம் கேட்க வேண்டுமாம். உன்னிடம் மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்ததால் படிவத்தை எடுத்தேன். முப்பத்தொரு கேள்வி. முதல் நான்கு மட்டுமே கட்டாயம் என்று அம்மாவைக் கவனிக்க வரும் நர்ஸ் பெண் பிறகுதான் காட்டினாள். பரீட்சை அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம், ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவன் நான், எதையும் விட மனம் வரவில்லை. எவ்வளவு காலம் பயன்படுத்துவீர்கள் என்று ஒரு கேள்வி. டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னதை, உன்னிடமும் அம்மாவிடமும் சொல்லத் தைரியமில்லாமல் விழுங்கியிருந்ததை, அந்தக் கட்டத்தில் எழுதினேன். மூன்று மாதம்.

மறுநாள் காலை மாத்திரை கொடுக்கப் பொத்தானை அழுத்தினேன். ஓர் இனிமையான குரல் அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்து, உங்கள் மூன்று மாதங்களை நிம்மதியாகக் கழியுங்கள், இறுதிச் சடங்குக்கு இப்போதே பதிவு செய்தால் சலுகை உண்டு என்றது. குரல் வந்த இடத்தைத் தலையணையால் அமுக்கிப் பார்த்தேன், முழுவதும் சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தது. பிறகு கட்டில் உயர்ந்தது. அம்மாவின் முகம் மெல்ல மெல்ல எழும்பி என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. "கட்டில்கிட்ட சொல்ல முடிஞ்சுது, என்கிட்ட முடியலையா?" என்றாள்.

கம்பெனிக்கு எழுதினேன், பதிலைத் திருத்தத் தொண்ணூறு நாள் ஆகுமாம். நானே சந்தா கட்டி அதன் வாயை அடைக்கிறேன் என்றால் அம்மா விடவில்லை, இந்த வீட்டில் உண்மை பேசுவது அது ஒன்றுதானாம். தினமும் மூன்று வேளை அவளும் கேட்கிறாள், நானும் கேட்கிறேன். என்னிடம் தண்ணீர் கேட்க வேண்டுமென்றால்கூட நர்ஸ் பெண்ணைப் பார்த்து, அவருக்கு ஒரு படிவம் கொடும்மா, எழுத்தில் கேட்டால்தான் அவருக்கு வாய் வரும் என்கிறாள். கணக்கு உன் பெயரில் இருப்பதால் அதே விளம்பரம் உன் போனுக்கும் வந்திருக்கும். வழக்கமான தொல்லை என்று நீ தள்ளிவிட்டிருப்பாய், உன்மேல் குற்றமில்லை. அதை உனக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

ஆறு மாதம் கழித்துத்தான் லீவு என்றிருந்தாய். படிவம் நிரப்பி இன்றோடு இருபத்தாறு நாள். நர்ஸ் பெண் வழியாகவே பேசிவந்த அம்மா நேற்று நேராக என்னிடமே, அவளுக்கும் ஒரு கட்டம் போட்டு அனுப்புங்க என்றாள். ஸ்கேல் வைத்துக் கீழே வரைந்திருக்கிறேன். நீ வரும் தேதிக்கு. நீயும் மாப்பிள்ளையும் நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசி. மற்றதையெல்லாம் விட்டாலும் விடு, இந்தக் கட்டம் மட்டும் கட்டாயம்.

இப்படிக்கு,
உன் அப்பா