மருதன் சாகாத புத்தகம்

கோட்டைகளுக்கும் குதிரைகளுக்கும் நடுவிலேயே குடியிருந்த என் அப்பாவுக்கு,

ராஜபாளையத்து வீடு அப்படியேதான் இருக்கிறது. உங்கள் மேசையில் இப்போது ஸ்கேனர். நீங்கள் எழுதிய சரித்திர நாவல்கள் ஒவ்வொன்றாக இணையத்தில் ஏறிவிட்டன. யார் வேண்டுமானாலும் போனிலேயே படிக்கலாம். “நம்ம ஊர்ல என்னைய எவன் படிக்கான்?” என்று கடைசிவரை முறுக்கிக்கொண்டிருந்தீர்களே, இதற்கு என்ன சொல்வீர்கள்?

ஒன்றுதான் பாக்கி இருந்தது. பத்திரிகையில் தொடராக வந்து, புத்தகமாகாமலே போன கடைசி நாவல். உங்கள் பிரதியைக் கரையான் அரித்துவிட்டது. அது இல்லாமல் உங்களை முழுசாகச் சேர்த்து வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு வைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாராவாரம் தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருக்கிறாராம். அன்றைக்கே ஓடினேன். பின்பக்கத்துச் சோப்பு விளம்பரம், சிரிப்புத் துணுக்கு எல்லாம் அப்படியே இருந்தன. அங்கேயே உட்கார்ந்து புரட்டினேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் காணோம்.

கேட்டால் மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவிதான் சொன்னார்: “அந்தக் குதிரைக்காரன் மருதன் கோட்டைவாசல்ல செத்துப் போறாம்லா, அந்த வாரத்த இவிய பைண்டிங்குக்கே குடுக்கலம்மா. அடுப்புல போட்டுட்டாவ. அன்னைக்குப் பூரா சோறும் திங்கல.”

“கூட இருந்தவன எல்லையில பறிகொடுத்துட்டு அப்பத்தான் லீவுல வந்திருந்தேன், தாயி,” என்றார் அவர். “கதையிலயாவது ஒருத்தன் வீடு போய்ச் சேரட்டும்னு இருந்துச்சு. ஒங்க அப்பா விடல.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. அரைமணி நேர பஸ் தூரத்தில், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் பட்டினி கிடந்திருக்கிறார். அது தெரியாமலே போய்விட்டீர்களே அப்பா.

இருக்கும் வரைக்கும் ஏற்றிவிட்டேன். அதில் மருதன் இன்னும் கோட்டைவாசலுக்கு வந்து சேரவில்லை. முடிவு எங்கே என்று வாசகர்கள் கேட்கிறார்கள். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் போடுகிறேன்.

உண்மையாகவே தேடுவேன். கிடைத்தால் ஒரு சொல் மாற்றாமல் ஏற்றுவேன். உங்கள் முடிவில் கைவைக்க நான் யார்? ஆனால் முதலில் மடவார் வளாகத்துக்குப் போய், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான். அதற்குக் கொஞ்சம் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதுவரை அவன் குதிரையிலேயே இருக்கட்டும்.

உங்கள் பிடிவாதத்தில் பாதியாவது வாங்கிக்கொண்ட
மூத்த மகள்