அண்ணா பேச வேண்டிய ஞாயிறு

ஜூலை 9, புதன்

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. அண்ணாவின் கம்ப்யூட்டர் இன்றும் பேச்சின் நடுவில் உறைந்தது. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவன் தட்டச்சு செய்வதை அதுதான் வாய்விட்டுச் சொல்கிறது. தாளில் எழுதிக் காட்டினான்: "நீ போட்ட லினக்ஸ்தான் என் வாயை மூடறது."

ஞாயிறன்று அவன் பெண் காயத்ரியைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் சரியாக வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

கம்ப்யூட்டர் எழுதிவைக்கும் லாக் பதிவைப் பார்த்தேன். கடைசியில் ஹார்ட்வேர் பிழை என்றே இருக்கிறது. லினக்ஸ் நிரபராதி! முதல் சந்தேகம், சூடு. திறந்தால், ஃபேன் முழுக்க, வீட்டுக்குக் கீழே உள்ள சுக்குக் கிடங்கின் தூசி. தும்மல். துடைத்தபின் சூடு இறங்கியது. ஆனாலும் சாயா குடித்து முடிப்பதற்குள் உறைந்தது.

ஜூலை 11, வெள்ளி

மெமரி சோதனை. திரையெங்கும் சிவப்பில் பிழை வரிகள். சந்தோஷப்படக் கூடாது, பட்டேன். உள்ளே இரண்டு மெமரி அட்டைகள், ராம். தனித்தனியே போட்டுப் பார்த்தேன். முதல் ஸ்லாட்டில் இரண்டுமே ஒழுங்கு. அடுத்ததில் இரண்டுமே பிழை. அப்படியானால் ராம் கெடவில்லை, அது உட்காரும் இடம்தான்! டார்ச் அடித்தேன். ஸ்லாட்டின் உலோகப் பற்களில் பச்சைக் களிம்பு. கடல் உப்புக்காற்றின் வேலை.

தோப்பும்படி கம்ப்யூட்டர் கடைக்குப் போன். "போர்டு மாத்தணும் சேச்சி. ஒரு வாரம் ஆகும்."

அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஒரே ராமில் ஓட்டுகிறேன்.

ஜூலை 12, சனி

மெதுவாக, ஆனால் நிற்காமல். அண்ணா செய்தித்தாள், மருந்துச் சீட்டு, என் சாம்பாரைப் பற்றிய புகார் எல்லாம் பேச வைத்தான். காயத்ரி புடவையைப் பற்றிக் கேட்கவேயில்லை. "ஓடறதா அத்தை?" என்று மட்டும், பலமுறை.

"அப்பா நாளைக்கு என்ன பேசப் போறார்?"

தெரியாது. நான் எட்டிப் பார்த்தால் திரையைக் கையால் மறைக்கிறான்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். வந்தார்கள். நேந்திரங்காய் வறுவல், காபி. பையன் பார்க்க நல்ல மாதிரி. அவன் அம்மா, "எங்களுக்குப் பூரண சம்மதம். நீங்க என்ன சொல்றேள்?"

அண்ணா தட்டினான். உறையாதே, உறையாதே.

ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரல்: "காயத்ரி, உனக்கு இஷ்டமா? இல்லேன்னா இங்கேயே சொல்லு. நான் இருக்கேன்."

அவள் தலை நிமிர்ந்தது.

"இஷ்டமில்லப்பா."

அண்ணா மறுபடி தட்டினான்.

"அப்போ மதி, இதோட போதும். மன்னிச்சுக்கோங்கோ. காபி ஆறிடும், குடியுங்கோ."