நெர்மீன் போட்ட சூட்டுக் கணக்கு

அன்புள்ள சுஆத்,

நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க அல்லாஹ் அருளட்டும். குவைத்தில் நானும் நலம். கட்டைவிரல் மட்டும் போன மாதம் கொஞ்சம் வெந்துவிட்டது. எங்கள் ரிப்பேர் கடைக்கு வந்த லாரிக்காரர் பார்க்கும்போதே சூடான ரெகுலேட்டரைத் தொட்டு, குழந்தைபோல விரலைச் சப்பினேன்.

அவர் வண்டியில் இருபத்துநாலு வோல்ட், பாட்டு கேட்கும் டேப்புக்குப் பன்னிரண்டே போதும். வோல்ட்டைக் குறைக்க நடுவில் நான் வைத்த ரெகுலேட்டரோ, பத்து நிமிடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, ஆறினதும் மறுபடி பாடும்.

"மெக்கானிக் உஸ்தா, உங்க வேலைக்கு நல்லா தூக்கம் வருது," என்றார் லாரிக்காரர்.

"இன்னொரு தடவை இந்த லாரி திரும்பி வந்தா, நீ கடையைப் பெருக்கு," என்றார் முதலாளி.

ரெகுலேட்டர் ஒரு ஆம்பியர் தாங்கும், டேப் அரைதானே இழுக்கிறது என்பது என் ஞானம். நம் மகள் நெர்மீனுக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: "பாபா, ஆம்பியரை மட்டும் பாக்காதீங்க. மிச்சப் பன்னிரண்டு வோல்ட்டும் சூடாத்தான் போகும். ஆறு வாட்டை அது தனியா தாங்காது. வண்டியோட இரும்புல சேத்து முடுக்குங்க, சூட்டை இரும்பு இழுத்துக்கும்."

முடுக்கினேன். பஸ்ரா வரை பாட்டு நிற்கவில்லையாம்.

"யாருப்பா சொல்லிக்கொடுத்தது?" என்றார் முதலாளி. "எம் பொண்ணு. இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம்," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

ஊரிலிருந்து வருபவரிடம் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளத் துக்காப் பொடி கொடுத்தனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் ரொட்டி இறங்குவதில்லை. கடிதம் கொண்டுபோகிறவர் செருப்பு மாட்டிவிட்டார், முடிக்கிறேன்.

பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பென்று அன்று உன்னோடு சண்டை போட்டவன் நான்தான் என்பதை மட்டும் முதலாளியிடம் சொல்லவில்லை.

உன் ஷுக்ரி