தட்டாமல் திறந்த கதவுகள்

என் கோபக்காரிக்கு,

ஜெயித்துவிட்டேன். உன் புருஷன் இனி நகர்மன்ற உறுப்பினர். நீ கோபித்துக்கொண்டு போயிருக்கும் உன் தங்கை வீட்டுக்கும் செய்தி எட்டியிருக்கும். நீ காதில் வாங்காத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாய்.

ஓய்வு பெற்றதும் வீட்டோடு இருப்பேன் என்று நான் சொன்னதைப் பற்றி இப்போது வேண்டாம். வேறு கதை இருக்கிறது.

முதல் நாள் ஓட்டுக் கேட்கப் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக ஓட்டம் பிடித்தார். அடுத்த வீட்டில், நான் வாயைத் திறப்பதற்குள் அடையாள அட்டையை நீட்டினார்கள். கூட வந்த தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, இப்படித் தட்டுனா போலீஸ்னுதான் நினைப்பாங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டு, வெளியில நின்னு கூப்பிடுங்க."

நான் என்ன செய்வேன்? ராணுவத்தில் இருந்தவரை தட்டுவதற்குக் கதவே இல்லை. பிறகு போலீஸில் தட்டினால் திறந்தே ஆகவேண்டும். திறக்கும்வரை காத்திருக்க இந்த வயதில்தான் பழகினேன்.

ஒரு காலத்தில் நான் வீடு புகுந்து பிடித்த சைக்கிள் திருடன் இன்று கையில் பூமாலையோடு வந்தான். "அப்போ கதவ உடைச்சுக்கிட்டு வந்தீங்க ஐயா. இந்தத் தடவ வரலாமான்னு கேட்டீங்க. அதுக்கே குடும்பத்தோட ஓட்டுப் போட்டோம்" என்றான். தெருவே சிரித்தது. நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை வீட்டு வாசலுக்கு வருகிறேன். தட்டமாட்டேன். நீயாகத் திறக்கும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.

இன்னும் ஒரு ஓட்டுக்குக் காத்திருக்கும்
உன் வேட்பாளன்