அடைக்கோழிக்கு ஒத்திவைத்த தீர்ப்பு

மார்ச் 3, செவ்வாய்

வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. மற்ற நாளாக இருந்தால் நிம்மதி என்று எழுதியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை, மகளின் வருங்கால மாமனார் வீட்டில் விருந்து. மனிதர் ஓய்வுபெற்ற நீதிபதி. சாப்பிட்டு முடித்ததும் சோபாவில் உட்காரவைத்து, தான் விசாரித்த நில வழக்கு ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். வாதி வரும்வரை விழித்திருந்தேன். பிரதிவாதியை நான் பார்க்கவே இல்லை. குறட்டை வேறு விட்டேனாம்.

"என் கோர்ட்ல ஆயுள் தண்டனை வாங்கினவன்கூட தூங்கினதில்ல" என்றாராம். "யோசிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டார். தீர்ப்பு ஒத்திவைப்பு.

மகள் மட்டும் வந்து, "அப்பா, உங்களுக்குக் கொஞ்சமாவது—" என்றாள். முடிக்கவில்லை. முடித்திருக்கலாம்.

மார்ச் 4

பிற்பகல் இத்தாலிய வகுப்பு. நான் மதியத்தில் தூங்கக் கூடாதென்று மனைவி சேர்த்துவிட்டது. அங்கும் தூங்கினேன்.

ஆசிரியை திட்டவில்லை; பலகையில் ஒரு சொல்லை எழுதினார். அப்யோக்கோ. வயிறு நிறையச் சாப்பிட்டவனைச் சாய்க்கும் தூக்கம். நம் உண்ட மயக்கம்தான், வெளிநாட்டில் தைத்த சட்டை போட்டிருக்கிறது. அந்நாட்டின் நடுப்பகுதிப் பேச்சில் அடைக்கோழிக்கு வழங்கும் சொல்லிலிருந்து வந்ததாம். முட்டைமேல் உட்கார்ந்து கண் செருகிக் கிடக்குமே, அந்தக் கோழி. 'எனக்கு அப்யோக்கோ வந்துவிட்டது' என்றுதான் சொல்வார்களாம், காய்ச்சல் வந்த மாதிரி.

ஆக, நான் குற்றவாளி அல்ல. பாதிக்கப்பட்டவன்.

மார்ச் 6

நீதிபதி வீட்டுக்குத் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கோழியையும் சொன்னேன்.

"இத்தாலிக் கோழியெல்லாம் இங்க சாட்சி சொல்ல முடியாதுங்க. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வாங்க. சாப்பிட்டுட்டு அதே கேஸ முதல்லேர்ந்து சொல்றேன். முழிச்சிருந்தீங்கன்னா மேல பேசுவோம்."

மகளின் கல்யாணம் என் இமையில் தொங்குகிறது.

மார்ச் 7

மனைவி பேசிவிட்டாள். கோழிக் கதையை அவளிடமும் சொல்லியிருந்தேன். "நாளைக்கு அந்தக் கோழி மாதிரியே கொஞ்சமா கொத்திட்டு எழுந்திருங்க. மூக்குப் பிடிக்கத் தின்னீங்க, தெரியும் சேதி."

மார்ச் 8, ஞாயிறு

அரை வயிறுதான் சாப்பிட்டேன். தொடையைக் கிள்ளிக்கொண்டேன். வாதி வந்தார். பிரதிவாதியை முதல்முறையாகச் சந்தித்தேன். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சர்வேயர் சாட்சிக் கூண்டில் ஏறினார். இறங்கவே இல்லை. பார்த்தால், நீதிபதியின் தலை தோளில் சாய்ந்திருந்தது. அவருடைய குறட்டை என்னுடையதைவிடக் கண்ணியமானது.

எழுப்பி, நான் விழித்திருந்ததை நிரூபிக்கலாமா? சம்பந்தியாகப் போகிறவரை அவர் வீட்டு சோபாவிலேயே கையும் களவுமாகப் பிடிப்பதா? நானும் கண்ணை மூடிக்கொண்டேன். மரியாதைக்காகத்தான் மூடினேன். பிறகு வந்தது நிஜம்.

விழித்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த என் மனைவியும் அவர் மனைவியும் கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு, மண்டபத்துக்கும் போன் போட்டிருந்தார்கள். என் மனைவி, "ரெண்டு பேரும் அடைகாத்தது போதும், எந்திரிங்க" என்றாள்.

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ண மூடி யோசிச்சிட்டிருந்தேன்."

"நானும்தாங்க" என்றேன்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மார்ச் 10

சம்பந்தி போன் செய்தார். குரல் மிகத் தணிந்திருந்தது.

"அந்தக் கோழி வார்த்தை என்ன, சம்பந்தி? மெதுவா ஒருதரம் சொல்லுங்க. இங்க வீட்ல விசாரணை நடக்குது."