சத்தமாக வாசிக்க வேண்டாம்

ராயப்பேட்டை,
ஜூன் 14

அன்பு மகள் ஜெமிமாவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தைச் சித்தி சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. என் நம்பரை நீ பிளாக் செய்து மூன்று மாதம் ஆகிறது. கடிதமாக எழுதிப் போடு அக்கா, அவள் மேஜையில் வைக்கிறேன், படித்தாலும் படிப்பாள் என்று சுகி சித்திதான் சொன்னாள். பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தபாலில் கடிதம் எழுதும் தாய் இந்தச் சென்னையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தபால் ஆபீசில் ஸ்டாம்ப் கேட்டதற்கு அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

இங்கே மெட்ரோ வேலைக்கு ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மயிலாப்பூரில் இருக்கும் சபைக்குப் போக பஸ் எங்கெங்கோ சுற்றுகிறது. போன வாரம் பாதி ஆராதனையில்தான் போய்ச் சேர்ந்தோம். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி நன்றாக நடந்தது. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஆக்‌ஷன் பாட்டுக்கு நீ இல்லாததால் நானே முன்னால் நின்று ஆடினேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் எனக்கே வெட்கமாகிவிட்டது. முழங்கால் இன்னும் வலிக்கிறது.

அப்பா வழக்கம்போலக் கடைக்குப் போகிறார், வருகிறார். மாலையில் உன் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஹாலில் நாற்காலி இருக்கிறதே என்றால், இங்கே காற்று வருகிறது என்கிறார். அந்த அறையில் காற்று வராது என்பது உனக்கும் தெரியும்.

ஜனவரியில் நடந்ததைப் பற்றி உன் பக்கத்தைச் சித்தியிடம் சொல்லியிருப்பாய். என் பக்கத்தையும் ஒருமுறை கேள். டிசம்பரில் ஒருநாள் நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது, மிக்ஸி ஓடும் சத்தத்திலேயே நீ சொன்னாய். ஜெபம் பண்ணினால் ஆளில்லாத வீட்டில் பேசுகிற மாதிரி இருக்கிறது, காலையில் கண் விழித்தால் எதற்கு விழித்தோம் என்று இருக்கிறது என்றாய். நான் மிக்ஸியை நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னேன். ‘யார்கிட்டயும் சொல்லாதம்மா’ என்பதை மட்டும் மறுபடி சொன்னாய். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

ஒரு மாதம் பொறுத்தேன். புதன்கிழமை உபவாச ஜெபத்தில், ஜெபக்குறிப்பு இருக்கிறவர்கள் சொல்லலாம் என்றபோது எழுந்து நின்றுவிட்டேன். நமக்கு ஒரு துன்பம் என்றால் சபையிடம்தான் சொல்வோம். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றபோதும் அப்படித்தான், எனக்கு வேலை போய் ஒரு வருஷம் வீட்டில் இருந்தபோதும் அப்படித்தான். அன்று மாலையே அது வாட்ஸப் ஜெபக்குழுவில் வரும் என்றோ, ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மைக்கில் நம் வீட்டு அடையாளத்தோடு சொல்வார் என்றோ நான் நினைக்கவில்லை. பதினொரு பேர் வீட்டுக்கு வந்து உன்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையில் கைவைத்து ஜெபித்தது அன்பினால்தான். நீ பள்ளி யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. பாதியில் எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாய். அவ்வளவு பேர் முன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீ யோசிக்கவில்லை.

அதற்காக இப்படியா? பரீட்சை முடிந்த மறுநாளே, சித்தி வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கோயம்புத்தூர் ரயில் ஏறினாய். அங்கேயே காலேஜும் சேர்ந்துவிட்டாய். அப்பா காலேஜ் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியதே எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. இந்த வீட்டில் எனக்குத்தான் எல்லாம் கடைசியில் தெரிகிறது.

நீ டாக்டரிடம் போவதையும் மாத்திரை சாப்பிடுவதையும் சித்தி சொன்னாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் விடாமல் கேட்டேன். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பயப்படாதே, இந்தமுறை நான் எங்கேயும் எழுந்து நிற்கவில்லை, குழுவிலும் போடவில்லை. பாஸ்டரம்மாவிடம் மட்டும், தனியாகக் கூப்பிட்டு, காதோடு காதாகச் சொன்னேன். அவர்கள் வெளியே விடுகிறவர்கள் அல்ல. ஜெபிப்பதற்காக மட்டும்தான்.

தலைக்கு எண்ணெய் வை. சித்தி வீட்டில் காரம் குறைவாகப் போடுவார்கள், ஊறுகாய் அனுப்புகிறேன். எவ்வளவு நாள் ஆனாலும் கர்த்தர் உன்னை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவார்.

அந்த விசுவாசத்தோடு காத்திருக்கும்,
அம்மா

*

ராயப்பேட்டை,
ஜூலை 21

ஜெமிக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இது உன் கைக்கு வருமா என்பதும் தெரியாது. வாங்கி வைத்துக்கொள்கிறேன், கொடுப்பேன் என்று சொல்ல மாட்டேன் என்றாள் சித்தி.

எனக்கு என்னவெல்லாம் தெரியும் என்பதை உனக்கு மறைக்காமல் எழுதிவிடுகிறேன். போன வாரம் பாஸ்டரம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, கோயம்புத்தூரில் இருக்கிறவர், இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஜெபித்துத் தலையில் பூசும் எண்ணெய்க் குப்பியோடு சித்தி வீட்டுக்கு வந்தாராம். நீதான் கதவைத் திறந்தாயாம். உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மாத்திரையெல்லாம் வேண்டாம்மா, விசுவாசத்தோடு தூக்கிப் போடு என்றாராம். நீ உடனே உள்ளே போய்ப் பையை எடுத்து வைத்தாயாம். சித்தி ஆபீசிலிருந்து வருவதற்குள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய்.

எந்த ஹாஸ்டல் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் அக்கா, சொன்னால் நீ இன்னொருத்தருக்குச் சொல்லுவாய் என்றாள். என் தங்கை, நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள், என்னிடம் இப்படிச் சொல்கிறாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவள் சொன்னது உண்மை.

மாத்திரையை நீ அங்கேயே விட்டுவிட்டுப் போனதாகவும் மறுநாள் தான் கொண்டுபோய்க் கொடுத்ததாகவும் சொன்னாள். வாங்கிக்கொண்டாளா என்றேன். வாங்கிக்கொண்டாள், போடுகிறாளா என்று தெரியாது என்றாள். அதைக் கேட்டுவிட்டு நான் அரிசி களைந்துகொண்டே இருந்தேன், தண்ணீர் எத்தனை முறை மாற்றினேன் என்று நினைவில்லை. அப்பா வந்து பாத்திரத்தை வாங்கி வைத்தார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும்.

பாஸ்டரம்மாவைக் கேட்கத்தான் கேட்டேன். தங்கையிடம் மட்டும்தான் சொன்னாராம், அதுவும் ஜெபத்துக்காக மட்டும்தானாம். அச்சு அசல் நான் சொன்ன வார்த்தை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று போனேன். எந்த முகத்தோடு கேட்பது? உப்பைத் தின்றவள் நான், தண்ணீரும் நான்தான் குடிக்க வேண்டும்.

கீழ் வீட்டு ஹாஜிரா பீ மாடிப்படியில் என்னை நிறுத்தி, ‘இன்னாமா, மூஞ்சி இப்டி கீது, பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லியா’ என்று கேட்டார். வாய்வரை வந்துவிட்டது. உட்கார்ந்து அழுதால் கேட்கக்கூடிய மனுஷி அவர். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்றால், உன் விஷயத்தை இத்தனை நாள் நான் உனக்காகத்தான் சொன்னேனா, என் பாரம் இறங்குவதற்காகச் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் எனக்காகத்தான்.

ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவள் நான். பிப்ரவரியில் பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகள் மனம்விட்டுப் பேசும்படி நடந்துகொள்ளுங்கள் என்று அரைமணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். அப்போது நீ என்னோடு பேசுவதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது.

இப்போது எனக்கு ஜெபிக்க வரவில்லை. முழங்காலில் நிற்கிறேன். வாயைத் திறந்தால் பழகின வார்த்தைகள் வரிசையாக வருகின்றன, அவை போய்ச் சேர்கிற இடம் இருப்பதாகத் தோன்றவில்லை. இதைத்தான் நீ அன்று சொன்னாயா? பதினேழு வயதில் இதைச் சுமந்துகொண்டு தினமும் எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடம் போனாயா? நானோ இதைக் கேட்டுவிட்டு, மிளகாய் போதுமா பார் என்று சட்னியை நீட்டினேன். அதுவும் நினைவுக்கு வந்துவிட்டது.

நேற்று நடந்ததை எழுதாமல் முடிக்க முடியாது. சபையின் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் என் வகுப்பில் பதின்மூன்றிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகள். நீயும் அந்த வகுப்பில் இருந்தவள்தானே, உனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு துண்டுத்தாள், பேர் போடாமல் ஜெபக்குறிப்பு எழுதி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும், நான் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பேன், எல்லோரும் ஜெபிப்போம். பேர் இல்லாவிட்டாலும் கையெழுத்தை வைத்து நான் கண்டுபிடித்துவிடுவேன். சாயங்காலமே அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு என் போன் போகும். பத்தொன்பது வருஷமாக அதை அக்கறை என்று நினைத்துச் செய்தேன். அம்மாக்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று இருபது சீட்டு. பிரித்து வாசித்தேன். பரீட்சைக்காக. பரீட்சைக்காக. நல்ல மார்க் வாங்க. பரீட்சைக்காக. முன்பெல்லாம் அப்பா குடிக்கிறார் என்று எழுதுவார்கள், தூக்கம் வரவில்லை என்று எழுதுவார்கள், ஒரு பையன் தன் முகத்தைத் தனக்கே பிடிக்கவில்லை என்று எழுதினான். நேற்று பத்தொன்பது சீட்டிலும் பரீட்சை. நான் அவர்களைப் பார்த்தேன், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், ஜெமி. உனக்கு நான் செய்தது அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். என்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்று அவர்களுக்குள் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் செய்தது சரி. ஆனால் அந்தப் பத்தொன்பது பேரில் எந்தப் பிள்ளை உன்னைப்போல எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று இனி அங்கே யாருக்கும் தெரியவராது. அதுவும் என்னால்தான்.

இருபதாவது சீட்டை நான்காக மடித்திருந்தார்கள். ‘ஜெமிமா அக்காவுக்காக. சத்தமா வாசிக்க வேண்டாம்.’

நான் வாசிக்கவில்லை. மடித்தபடியே பைபிளுக்குள் வைத்தேன். எல்லோரும் கண்ணை மூடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றேன். இரண்டு நிமிஷம் இருக்கும். வெளியே ஆராதனைப் பாட்டு கேட்டது. ஒரு பிள்ளையும் அசையவில்லை. எந்தப் பிள்ளை எழுதியது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பேரை யாரிடமும் சொல்ல மாட்டேன். உன்னிடமும் சொல்ல மாட்டேன்.

வகுப்பை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். முழங்கால் வலி என்றேன். இதில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. இப்போது வாயை மூடக் கற்றுக்கொண்டு யாருக்கு என்ன பயன்? நீ சொன்ன அன்றே கற்றிருக்க வேண்டும்.

வசனம் எழுதக் கை போகிறது. எழுதவில்லை. வீட்டுக்கு வா என்று கேட்கவும் மாட்டேன். நீ எங்கே இருக்கிறாய் என்று இனிச் சித்தியைத் துருவ மாட்டேன். மாத்திரையை மட்டும் நிறுத்தாதே. என் பேச்சைக் கேட்டு வந்து யார் என்ன சொன்னாலும் நிறுத்தாதே. டாக்டர் கூப்பிட்ட தேதியில் போ. எதற்கு விழித்தோம் என்று மறுபடி ஒரு காலை வந்தால் யாரிடமாவது சொல்லிவிடு. சித்தியிடமோ, டாக்டரிடமோ, அறையில் கூட இருக்கிற பெண்ணிடமோ, கேட்டுவிட்டுத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரிந்த யாரிடமாவது. அந்த ஆள் நான் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமலே போகட்டும். உன்னைப் பற்றி ஒரு சேதியும் என் காதுக்கு வராமல் நான் செத்தாலும் சரி.

என்னை மன்னிக்காமலே இரு, ஜெமி. நீ இருந்தால் போதும்.

அம்மா